வானம் வழியாக வந்த சமையலறை

டேங்க்கார அண்ணனைப் பற்றி யார் கேட்டாலும், ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். அந்த உரிமை எனக்கு உண்டு. பதினோரு வருஷம் ஞாயிறு தவறாமல் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்த மனிதர், ஒரு நாள் வீட்டுக் கூரையில் ஒரு வெள்ளைத் தட்டை மாட்டிக்கொண்டார். அதோடு என் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கோபம் வருமா, வராதா?

என் கடை பஸ் திரும்பும் இடத்தில் இருக்கிறது. அரிசி, சோப்பு, தீப்பெட்டி, கோழித் தீவனம், குழாய்ச் சாமான், கூடவே டீ. மேட்டு வீடுகளுக்கு வரும் பார்சல்கள் என்னிடம்தான் இறங்கும். பார்சல்காரனின் வண்டி அதற்கு மேல் ஏறாது. வண்டி ஏறினாலும் அவன் ஏறமாட்டான். போன் சிக்னலும் அவன் தம்பி மாதிரிதான். என் கடை வாசல்வரை வந்து நின்றுவிடும். அதனால் மேட்டில் இருப்பவர்கள் போன் பேச வேண்டுமென்றால் என் பெஞ்சுக்குத்தான் வர வேண்டும். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பார், அதில் மூன்று நாள் தூங்குவார். ஆகவே பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். வெளியே காட்டிக்கொள்ளமாட்டேன், அவ்வளவுதான்.

அண்ணன் முப்பத்தோரு வருஷம் மேட்டு உச்சியிலுள்ள தண்ணீர்த் தொட்டியைக் கவனித்தவர். காலை ஐந்தரைக்குக் கீழ்த் தெருவுக்கு வால்வைத் திறப்பார், ஆறேகாலுக்கு மேல் தெருவுக்கு. திறக்கும் முன் இரும்புக் குழாயில் காதை வைத்துக் கேட்பார். எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று தொட்டியடியில் நின்றே சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. பாதி புளுகு. ஆனால் என் கடைக்குள் கால் வைத்ததும், "பின்னாடி குழாய் ஒழுகுது தங்கச்சி" என்பார். நான் போய்ப் பார்த்தால், பாவி மனுஷர் சொன்னபடியே ஒழுகும். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு ரப்பர் வாஷர் வைத்திருப்பார். டீ ஆறுவதற்குள் மாற்றிவிட்டு வந்து உட்காருவார்.

ஓய்வு பெற்ற பிறகும் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு. அண்ணி போய் ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளை என்று ஒரே மகள். தூரத்து நகரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இரண்டு பஸ், ஒரு ரயில், ஒன்றரை நாள் பயணம். அந்தப் பெண் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைத் தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். செய்தியை அவள் போனில் சொன்னபோது அண்ணன் என் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"உன் இஷ்டம். நாளைக்கு ஒண்ணுன்னா என் முன்னாடி வந்து நிக்காதே" என்று சொல்லிப் போனை வைத்தார்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. நாக்குக்கு நரம்பில்லை என்று சும்மாவா சொன்னார்கள். அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது. மாப்பிள்ளை மேட்டு வீட்டுக்கு வந்தார், இரண்டே நாளில் கதவுக் கீல், மின்விசிறி, குளியலறைக் குழாய் எல்லாவற்றையும் பிரித்து மாட்டிவிட்டுப் போனார். "கண்ணுல ஒரு பழுது பட்டா அந்தாளுக்குத் தூக்கம் வராது தங்கச்சி" என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார். மாமனாரும் மருமகனும் ஒரே ஜாதி, ஸ்பேனர் ஜாதி என்று நான் கிண்டல் செய்வேன். ஆனால் அன்று சொன்ன வார்த்தையை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, மகளும் அதை ஞாபகப்படுத்தவில்லை. பத்து வருஷம் அது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. சாயங்காலம்வரை பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே மேடேறினேன். வீட்டுப் பின்படியில் கால் மடிந்து கிடந்தார். காலையில் வழுக்கி விழுந்தவர். கூப்பிட்டால் கேட்க அக்கம்பக்கத்தில் ஆள் கிடையாது, போனுக்குச் சிக்னல் கிடையாது.

"இவ்வளவு நேரம் என்னண்ணே செஞ்சீங்க?" என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

"தொட்டி நிரம்பி வழியுது. யாராவது மூடுவாங்கன்னு கேட்டுட்டே கிடந்தேன்" என்றார். தான் விழுந்தது பெரிதில்லை, தண்ணீர் வீணானதுதான் பெரிது. இந்த ஆளை என்ன செய்வது?

மகள் ஓடி வந்து ஒரு வாரம் இருந்தாள். தனியாகத்தான் வந்தாள், மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றாள். அவள் திரும்பிப் போன பத்தாம் நாள் என் கடைக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது, அதற்கு மறுநாள் அதைப் பொருத்த ஒரு பெண் வந்தாள். பெட்டியை நானும் அவளுமாகத் தூக்கிக்கொண்டு மேடேறினோம். சாட்டிலைட் நெட்டாம். டவர் எட்டாத வீட்டுக்கும் வானத்திலிருந்து நேராக இறங்குமாம்.

அந்தப் பெண் போனை வானத்துக்குக் காட்டியபடி கூரை முழுக்க நடந்தாள். மரக்கிளை மறைக்கும் இடமெல்லாம் போனில் சிவப்பாகத் தெரிந்தது. இரண்டு கிளையை வெட்டிய பிறகுதான் ஒரு மூலை அவளுக்குப் பிடித்தது. அங்கே குழாய்க் கம்பம் நட்டு, பெரிய தாம்பாளம் அளவுக்கு ஒரு வெள்ளைத் தட்டை மாட்டினாள்.

"மேல ஒரே சாட்டிலைட் நிக்காது சார். ஒண்ணு நகர்ந்து போனா அடுத்தது வந்து பிடிச்சுக்கும்" என்று விளக்கினாள்.

"ஒருத்தன் ஷிஃப்டு முடிச்சா அடுத்தவன் வந்து சாவியை வாங்கிக்குவான்னு சொல்லும்மா. எங்க தொட்டி மாதிரிதான்" என்றார் அண்ணன், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு. அதன் பிறகு அந்த இயந்திரத்தின் மேல் அவருக்கு மரியாதை வந்துவிட்டது.

மகளின் ஏற்பாடு இதுதான். இவர் சமையலறை அலமாரியில் ஒரு டேப், அதாவது பெரிய திரை வைத்த போன், அவள் சமையலறையில் ஒரு டேப். இரண்டும் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். "பேசணும்னு இல்லப்பா. நீங்க நடமாடுறது தெரிஞ்சா போதும்" என்றாளாம். அண்ணன் அதற்கு ஒரு சட்டம் போட்டார். எந்நேரமும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, மனுஷனுக்குக் கதவு வேண்டும். ஆகையால் டேப் மேல் துண்டைப் போட்டால் கதவைச் சாத்தியதாக அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு மற்றவர் எதுவும் கேட்கக் கூடாது. மகளும் ஒத்துக்கொண்டாள். அவள் பக்கம் மஞ்சள் துண்டு, இவர் பக்கம் தோளில் போடும் பழைய வெள்ளைத் துண்டு.

அதோடு என் பெஞ்சுக்கு முழுக்குப் போட்டார். கால் தேறிய பிறகும் வரவில்லை. அரிசியும் தீவனமும் வேண்டுமென்றால் பால்காரரிடம் சீட்டுக் கொடுத்துவிடுவார். சீட்டில் "தங்கச்சி நலமா" என்று ஒரு வரி. நலமாம், நலம்! ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு தீவன மூட்டையை நானே இடுப்பில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

அண்ணன் அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டேப்பில் ஒரு சமையலறை தெரிந்தது. சுவரில் நீல நிற ஓடு, ஒரு ஜன்னல், பாத்திரம் கழுவும் தொட்டி, கொக்கியில் இரண்டு கோப்பை. ஆளைக் காணோம்.

"பொண்ணு எங்க?"

"வேலைக்குப் போயிருக்கா. ஆறு மணிக்கு வருவா."

"அப்போ யாரைப் பாக்குறீங்க?"

"யாரையும் இல்ல. சமையலறையைத்தான்" என்றார், அது உலகத்தில் எல்லாரும் செய்யும் காரியம்போல. "பதினோரு மணிக்கு அந்த மூணாவது ஓட்டுல வெயில் விழும் பாரு. ரெண்டுக்கு அடுப்புக்கு வந்துடும்."

"காலிச் சட்டியைப் பாத்தா வயிறு நிறையுமாண்ணே? கீழ வந்து நாலு மனுஷங்களைப் பாருங்க" என்று கத்தினேன். அவர் பதில் சொல்லுமுன் டேப்பில் படம் நின்று, ஒரு வட்டம் சுழல ஆரம்பித்தது. அண்ணன் மூலையிலிருந்த கம்பை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே ஓடினார். கூரையில் அந்த வெள்ளைத் தட்டின் மேல் அவருடைய சிவப்புக் கோழி ஏறிக் குந்தியிருந்தது. தட்டு இளஞ்சூடாக இருக்குமாம், அதற்கு அது மெத்தை.

"இறங்குடி கழுதை! நேத்தும் இப்படித்தான், எம்பொண்ணு பேசிட்டிருக்கும்போது வாயைத் திறந்தபடியே நிக்க வச்சுட்டா!" என்று கம்பை வீசினார்.

கோழியைக் கழுதை என்று திட்டுகிற மனிதரிடம் என்ன சண்டை போடுவது? சிரித்துக்கொண்டே இறங்கி வந்தேன். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஓட்டின் மேல் வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு ஒருத்தர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது வேடிக்கை இல்லை.

நாலு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம், அவராகவே கடைக்கு வந்தார். ஞாயிறுகூட இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். டீயைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

"தங்கச்சி, மாப்பிள்ளை போயிட்டார்."

"ஐயையோ, எப்போண்ணே? என்ன ஆச்சு?"

"சேச்சே, உசுரோடதான் இருக்கார். வீட்டை விட்டுப் போயிட்டார்."

"பொண்ணு சொன்னாளா?"

"அவ எங்க சொன்னா? குழாய் சொல்லிச்சு."

மெல்ல மெல்லச் சொன்னார். மகளின் சமையலறைக் குழாய் ஆறு வாரமாக ஒழுகுகிறது. முதல் நாளே இவர் காதில் விழுந்துவிட்டது. "வாஷர் போயிருக்கு, மாப்பிள்ளைகிட்ட சொல்லும்மா" என்றார். "சொல்றேம்பா" என்றாள். மறுநாளும் சொட்டியது. அடுத்த வாரமும் சொட்டியது. "இன்னும் ஒழுகுதேம்மா" என்று தினம் கேட்டார், "அவருக்கு வேலை அதிகம்பா, ராத்திரி லேட்டாத்தான் வர்றார்" என்று தினம் பதில் வந்தது. கண்ணில் பழுது பட்டால் தூக்கம் வராத மனிதர் இருக்கும் வீட்டில் ஆறு வாரம் ஒரு குழாய் சொட்டுமா? சொட்டினால் அந்த மனிதர் அங்கே இல்லை என்று அர்த்தம்.

"அதுக்கப்புறம் காது சும்மா இருக்கல. அவ துண்டு போட்டா முகம்தான் மறையுது, சத்தம் மறையல. ஒரு தட்டு வைக்கிற சத்தம்தான் கேக்குது. ஒரு டம்ளர். நாற்காலி ஒண்ணுதான் இழுபடுது. நேத்து..." என்று நிறுத்தினார். "நேத்து துண்டுக்குப் பின்னாடி அழுதா. யார்கிட்டயோ போன்ல பேசினா. அவர் போய் மூணு மாசமாச்சாம். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னா. எந்த முகத்தோட அப்பா முன்னாடி போய் நிப்பேன்னு சொன்னா."

டீயில் ஆடை படிந்துவிட்டது.

எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபமாயிற்றே. "அப்போ கேட்டுத் தொலைய வேண்டியதுதானே! என்னம்மா ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டா வாய் வெந்துடுமா?"

"கேட்டா, துண்டு போட்டும் நான் கேட்டுட்டிருந்தேன்னு தெரிஞ்சிடும். சட்டம் போட்டவனே நான். அவ மானஸ்தி, சுவிட்சை அணைச்சிடுவா. அப்புறம் அந்தச் சமையலறை எனக்கு இல்ல. அவ சாப்பிட்டாளா, எழுந்திருச்சாளா, ஒண்ணும் தெரியாது. கேக்காம இருந்தா அவ அங்க தனியா கிடந்து அழுவா, நான் இங்க உக்காந்து கேட்டுட்டிருப்பேன். ரெண்டுமே முடியல தங்கச்சி."

"அன்னைக்கு இதே பெஞ்சுலதான் சொன்னீங்க, வந்து நிக்காதேன்னு" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் என் வாயும் யார் வாய்? அவர் தலை குனிந்தபடி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைப்பையில் கைவிட்டு ஒரு வாஷரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"குழாய் ஒழுகுறது துண்டு போடாதப்பவும் கேக்குது. அது எனக்குத் தெரிஞ்ச விஷயம்தானே? அதுக்காக நான் போகலாம். அப்பன் குழாய் மாத்த வந்தான், அவ்வளவுதான். சொல்றதும் சொல்லாததும் அவ இஷ்டம்."

"அப்போ போன் பண்ணிட்டுக் கிளம்புங்க."

"பண்ணினா 'வேண்டாம்பா, கால் வலிக்கும்பா, இங்க எல்லாம் நல்லாருக்கோம்பா'ன்னு மூணு வார்த்தையில கதவைச் சாத்திடுவா. சொல்லாமத்தான் போகணும்."

"ரெண்டு நாள் இங்க ஆள் இல்லைன்னா பதறிட மாட்டாளா? மறுபடி விழுந்துட்டீங்கன்னு நினைப்பா."

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்கு ஏதோ வேலை வைக்கப்போகிறார் என்று புரிந்துவிட்டது. இவர் பக்கத்து டேப்புக்குத் துண்டு போட்டுவிட்டுப் போவார். நான் காலையும் மாலையும் போய்க் கோழிகளுக்குத் தீவனம் வைக்க வேண்டும், சமையலறையில் பாத்திரத்தை உருட்ட வேண்டும், குழாயைத் திறந்து மூட வேண்டும், நடுநடுவே அவர் மாதிரி இரும வேண்டும்.

"போயும் போயும் இருமுறதுக்கா என்னைப் பிடிச்சீங்க?"

"பேசினா மாட்டிக்குவே. இருமலுக்கு என்ன ஆம்பளை, பொம்பளை? ரெண்டு சின்னது, ஒரு பெரியது, கடைசியில தொண்டையைச் செருமணும்."

கடையில் சோப்பு வாங்க வந்த பெண்மணி நாங்கள் மாறி மாறி இருமுவதைப் பார்த்துவிட்டு, மருந்துக்கடை இருக்கும் திசையைக் காட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினார். பையில் ஸ்பேனர், ஒரு டஜன் வாஷர், உமியில் புதைத்த பன்னிரண்டு முட்டை. ஜன்னல் வழியாக, "அஞ்சாவது நாளே வந்துடுவேன்" என்றார். ஷேவ் செய்துகொண்ட முகம் பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பிள்ளை முகம்போல் இருந்தது.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு மேடேறினேன். கோழிகளை அடைத்தேன். பிறகு அந்தச் சமையலறையில் உட்கார்ந்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி, சுவரில் அண்ணி படம். அலமாரியைப் பார்த்த நாற்காலியின் மெத்தை நடுவில் குழிந்திருந்தது. டேப் மேல் வெள்ளைத் துண்டு. துண்டுக்குப் பின்னாலிருந்து, சொட்... சொட்... சொட். அவ்வளவு தூரத்திலிருந்து, வானத்துக்குப் போய்த் திரும்பி, ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் வந்து சேர்ந்தது.

ஆறு மணிக்குச் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. "அப்பா, துண்டு போட்டிருக்கீங்களா?" என்று பெண்ணின் குரல்.

இருமினேன். இரண்டு சின்னது, ஒரு பெரியது.

"மாத்திரை போட்டீங்களா?"

செருமினேன். அவள் காலடிச் சத்தம் டேப்வரைக்கும் வந்து நின்றது. பிறகு, "சரிப்பா" என்றாள். தட்டு வைத்தாள். ஒரு தட்டு. அண்ணன் சொன்னது சரிதான், எல்லாம் ஒன்று ஒன்றாகத்தான் கேட்டது. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை மாதமாக இந்த மனிதர் இப்படித்தானே உட்கார்ந்திருந்தார்? நான் கீழே அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஐந்தரை மணி. பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவள் அன்று சீக்கிரமே வந்துவிட்டாள், அடுப்பில் ஏதோ கொதித்தது. கதவு தட்டும் சத்தம். கதவு திறக்கும் சத்தம். பிறகு அண்ணனின் குரல்.

"குழாய் ரொம்ப நாளா ஒழுகுதேன்னு வந்தேம்மா."

நான் ஒன்றும் தவசி இல்லை. துண்டின் ஓரத்தைத் தூக்கிவிட்டேன். நீல ஓட்டுச் சமையலறை. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், பையோடு நேராகத் தொட்டிக்கு நடந்தார். நடுவில் மேஜையைப் பார்த்து நின்றார். மேஜையில் இரண்டு தட்டு இருந்தது.

"யாராவது வர்றாங்களாம்மா?"

"நீங்கதான். அங்க இருமுறது நீங்க இல்லைன்னு நேத்தே தெரிஞ்சுபோச்சு. எங்க அப்பா இருமினா அப்புறம் 'அம்மாடி'ன்னு ஒண்ணு வரும்" என்றவள், திரையைத் திரும்பிப் பார்த்து, "டீயாவது போட்டுக் குடிச்சீங்களா அத்தை?" என்றாள்.

துண்டு என் கை நழுவித் தரையில் விழுந்தது. உடம்பெல்லாம் கூசியது. "குடிச்சேம்மா" என்று பொய் சொல்லிவிட்டு, திரையில் படாமல் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். அங்கிருந்து எனக்கு அவர்கள் தெரிந்தார்கள்.

அண்ணன் ஸ்க்ரூ டிரைவர் தேடுகிற சாக்கில் தொட்டியடி டிராயரை இழுத்தார். உள்ளே கைவிட்டவர், ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையை வெளியே எடுத்தார். பிரிக்காத உறை. உள்ளே புது வாஷர். அளவைக் கண்ணாலேயே பார்த்தார். சரியான அளவு.

"இது எப்போ வாங்கினது?"

"நீங்க சொன்ன மறுநாள்."

"பின்ன ஏன் மாத்தல? எட்டு வயசுலயே உனக்கு மாத்தத் தெரியுமே."

அவள் புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு நின்றாள். "மாத்திட்டா நீங்க அதைப் பத்திப் பேசமாட்டீங்க. இன்னும் ஒழுகுதே, இன்னும் ஒழுகுதேன்னு தினம் சொல்வீங்க. ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் 'ஏம்மா, மாப்பிள்ளை எங்க?'ன்னு வாயில வந்துடும்னு இருந்தேன்."

சொட்... சொட். இங்கேயும் கேட்டது.

"துண்டு போட்டா சத்தம் மறையாதுன்னு எனக்குத் தெரியாதாப்பா? நீங்க கோழியைத் திட்டுறது, அம்மா படத்துகிட்ட கணக்குச் சொல்ற மாதிரி ராத்திரி பேசுறது, எல்லாம் எனக்குக் காதுல விழுது. அப்போ நான் அழுறதும் உங்களுக்கு விழத்தானே செய்யும்? விழுந்தும் ஏன்பா ஒண்ணும் சொல்லல?"

"பயம்மா" என்றார் அண்ணன். "நீ அணைச்சிட்டா?"

"நான் எங்கேயிருந்து அணைப்பேன்? இந்த வீட்டுல எனக்கு வேற யார் இருக்கா?" அவள் குரல் உடைந்தது. "கிளம்பி வந்துடலாம்னு எத்தனையோ நாள் பையை எடுத்தேன். ஒண்ணுன்னா என் முன்னாடி வந்து நிக்காதேன்னு சொல்லியிருந்தீங்க. அதான் வரல."

அண்ணன் வாஷரைத் தொட்டி மேல் வைத்தார். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ வந்து நிக்க வேண்டாம்னுதானேம்மா சொன்னேன். அதான் நான் வந்து நிக்கிறேன்."

அதற்கு மேல் அவராலும் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் தரையில் உட்கார்ந்து அவர் அடிபட்ட முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் கையை எட்டி, மஞ்சள் துண்டை எடுத்து டேப் மேல் போட்டார். என் பக்கம் திரை மஞ்சளாகிவிட்டது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நானும் அழுதேன், சொல்வதில் வெட்கமென்ன.

ஆனால் துண்டுக்குப் பின்னாலிருந்து கேட்பது எனக்கு உரிமையில்லாத காரியம். எழுந்து போய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தேன். வைஃபை பெட்டியின் விளக்கு அணைந்தது. அந்த வீடு அவ்வளவு நிசப்தமாக இருந்ததை நான் பார்த்ததில்லை. மூன்று கோழிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு மேடிறங்கினேன்.

ஐந்தாவது நாள் வருகிறேன் என்றவர் இன்னும் வரவில்லை. ஐந்து மாதம் ஆகிறது. வரமாட்டார், வரவும் வேண்டாம். அவள் வேலையிலிருந்து வரும்போது கதவைத் திறக்க வீட்டில் ஒரு ஆள் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் பதினாறு வீட்டுக் குழாயும் இப்போது சத்தம் போடாதாம். மேட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. வாரம் ஒரு முறை பெருக்கப் போகிறேன். தட்டு இன்னும் கூரையில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பக்கத்து மரத்தின் கிளை மறுபடி வளர்ந்து அதைத் தொட ஆரம்பித்துவிட்டது. பால்காரர் அதைக் கழற்றி விற்றுவிடலாமே என்றார். அவரை நான் பார்த்த பார்வையில் அடுத்த நாள் பாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் ஞாயிறுதோறும் கடைக்குப் போன் செய்கிறார். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெஞ்சில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டே பேசுவேன். மகள் நன்றாகச் சாப்பிடுகிறாளாம். இப்போது சிரிக்கிறாளாம். போன ஞாயிறு பேச்சின் நடுவே திடீரென்று நிறுத்தினார்.

"தங்கச்சி, பின்னாடி குழாய் ஒழுகுதே?"

"ஆமாண்ணே."

"போன வாரமும் ஒழுகிச்சு. நீதானே கடையில வாஷர் விக்கிறே?"

"இருக்குண்ணே, ஒரு பெட்டி நிறைய இருக்கு. மாத்தணும்" என்றேன்.

சொட்டுச் சத்தத்தை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு, மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா தங்கச்சி, வீட்டுக்காரர் இந்த மாசம் வந்தாரா?"